ஏழு சீட்டு கார் உங்களுக்குக் கட்டுப்படி ஆகுமா? ரெனால்ட் ட்ரைபரை வச்சு ஒரு முழு கணக்கு

நம்ம சேனல்ல கார் லோன் பத்தி வீடியோ போட்டா, கமெண்ட்ல ஒரு கேள்வி கண்டிப்பா வந்துடும். "வீட்ல அப்பா, அம்மா, மனைவி, ரெண்டு குழந்தைங்க. அஞ்சு சீட்டு கார் பத்தாது. பட்ஜெட் பத்து லட்சத்துக்குள்ள. ஏழு சீட்டு கார் எடுக்கலாமா?" இதுக்கு ஒரு வரியில "எடுங்க", "எடுக்காதீங்க"னு பதில் சொல்ல முடியாது. ஆனா ஒரு கணக்கு போட்டா பதில் தானா வந்துடும். அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு படிப்படியா பார்க்கப் போறோம்.

உதாரணத்துக்கு ரெனால்ட் ட்ரைபரை எடுத்துக்குவோம். பத்து லட்சத்துக்குள்ள ஏழு சீட்டுன்னா பெரும்பாலானவங்க முதல்ல பார்க்கிற கார் இதுதான். நம்ம ஒரகடத்துல தயாராகுது. 2019 ஆகஸ்ட்ல அறிமுகமாச்சு, 2025 ஜூலையில புது முகத்தோட வந்துச்சு. வேற காரை மனசுல வச்சிருந்தாலும் இதே முறையில கணக்கு போட்டுக்கலாம்.

விலை ஏன் குறைவா இருக்கு?

ட்ரைபரோட நீளம் 3,990 மில்லிமீட்டர். அதாவது நாலு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கம்மி. இது தற்செயல் இல்லை. நாலு மீட்டருக்குள்ள நீளமும், 1,200 சிசிக்குள்ள பெட்ரோல் இன்ஜினும் இருந்தா அது "சின்ன கார்" கணக்குல வரும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைவிடப் பெரிய காருக்கு 40 சதவீதம். அதனாலதான் ட்ரைபரோட ஆரம்ப விலை ஆறு லட்சத்துக்குக் கீழே இருக்கு.

இதோட போட்டிக் கார்னு சொல்ற மாருதி எர்டிகாவோட நீளம் சுமார் 4.4 மீட்டர், இன்ஜின் 1,462 சிசி. வரியும் அதிகம், விலையும் அதிகம். ஆனா அந்த 40 சென்டிமீட்டர் நீளமும் பெரிய இன்ஜினும் எங்க உதவும்னு கீழே சொல்றேன்.

தினமும் ஓட்ட எப்படி?

உங்க கார் வருஷத்துல 365 நாள்ல எத்தனை நாள் ஏழு பேரோட ஓடும்? பெரும்பாலான வீடுகள்ல ஆபீஸ் போறது ஒருத்தர், சாயங்காலம் கடைக்குப் போறது ரெண்டு பேர், ஞாயித்துக்கிழமை நாலு பேர். அதனால எந்த ஏழு சீட்டு காரையும் முதல்ல ஒரு அஞ்சு சீட்டு காரா பாருங்க.

அப்படிப் பார்த்தா ட்ரைபர் நல்லாவே மார்க் வாங்குது. நீளம் கம்மியா இருக்கிறதால அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல ஹேட்ச்பேக் மாதிரியே நிக்கும். தரையில இருந்து உயரம் 182 மில்லிமீட்டர். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கும் மழைக்காலப் பள்ளத்துக்கும் பயப்பட வேண்டாம். மூணாவது வரிசை சீட்டைக் கழட்டி வெளியே எடுத்துட்டா டிக்கி 625 லிட்டர் ஆகிடும். பல செடான்கள்ல கூட இவ்வளவு இடம் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் யோசிச்சுக்கோங்க. கழட்டின ரெண்டு சீட்டை வீட்ல எங்க வைப்பீங்க? ரெண்டு பெட்ரூம் பிளாட்ல இருக்கிறவங்களுக்கு இது நிஜமான பிரச்சினை.

ஏழு பேர் ஏறினா என்ன ஆகும்?

இங்கதான் கவனமா பார்க்கணும். மூணு விஷயம்.

முதல்ல டிக்கி. ஏழு சீட்டும் போட்டா ட்ரைபர்ல மிச்சம் இருக்கிறது 84 லிட்டர். நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் நாலு வச்சா அவ்வளவுதான். ஏழு பேர் மூணு நாள் டூர் போனா பெட்டியெல்லாம் எங்க? மேல கேரியர் போடணும், இல்லைன்னா மடியில வச்சுக்கணும். எர்டிகாவுல இதே நிலையில 209 லிட்டர், அதாவது பத்து கேன். நான் சொன்ன அந்த 40 சென்டிமீட்டர் இங்கதான் வேலை செய்யுது.

ரெண்டாவது இன்ஜின். ட்ரைபர்ல இருக்கிறது மூணு சிலிண்டர், 999 சிசி, சுமார் 72 குதிரைத்திறன். காரோட எடை தோராயமா 950 கிலோ. ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோன்னு வைங்க, 455 கிலோ. காரோட எடையில கிட்டத்தட்ட பாதியை மேல ஏத்துறோம்! தனியா ஓட்டும்போது சுறுசுறுப்பா இருந்த கார், ஏழு பேரோட ஏசி போட்டு மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். ஹைவேயில லாரியை ஓவர்டேக் பண்ண கியரைக் குறைச்சு, இடம் பார்த்து, பொறுமையாத்தான் போகணும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலைக்கு அடிக்கடி குடும்பத்தோட போறவங்களா இருந்தா இந்த இன்ஜின் உங்களுக்கு இல்லை. எர்டிகாவோட 103 குதிரைத்திறன் அங்கே கைகொடுக்கும்.

மூணாவது பாதுகாப்பு. 2021ல குளோபல் என்கேப் சோதனையில ட்ரைபர் பெரியவங்க பாதுகாப்புக்கு நாலு ஸ்டாரும், குழந்தைங்க பாதுகாப்புக்கு மூணு ஸ்டாரும் வாங்குச்சு. இப்போ வர்ற மாடல்ல எல்லா வேரியண்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் உண்டு. ஆனா ஷோரூம்ல ஒரு கேள்வி கேளுங்க: "பக்கவாட்டு ஏர்பேக் மூணாவது வரிசை வரைக்கும் வருமா?" எந்த ஏழு சீட்டு காருக்கும் இதைக் கேக்கணும். ஏன்னா கடைசி வரிசையில நாம உக்கார வைக்கப் போறது பெரும்பாலும் குழந்தைங்களைத்தான்.

இப்போ பணக் கணக்கு

ஷோரூம் விலை 8 லட்சம்னு ஒரு வேரியண்ட் எடுத்துக்குவோம். தமிழ்நாட்டுல 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் சாலை வரி 13 சதவீதம். அது 1,04,000 ரூபாய். இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து 46,000னு வைங்க. ஆன்ரோடு 9.5 லட்சம். கையில இருந்து 2.5 லட்சம், லோன் 7 லட்சம், வட்டி 9.5 சதவீதம், 5 வருஷம்.

மாசம் 900 கிலோமீட்டர், ஊருக்குள்ள லிட்டருக்கு 13 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய்னு போட்டா மாசச் செலவு இப்படி வரும்:

- இஎம்ஐ: 14,700
- பெட்ரோல்: 7,000
- இன்சூரன்ஸுக்கு ஒதுக்க வேண்டியது: 1,500
- சர்வீஸ், டயர்: 1,500
- டோல், பார்க்கிங்: 800
- மொத்தம்: 25,500 ரூபாய்

இதே வசதிகளோட ஒரு ஹேட்ச்பேக், ஷோரூம் விலை 6.5 லட்சம்னு எடுங்க. ஆன்ரோடு 7.75 லட்சம். அதே 2.5 லட்சம் கையில இருந்து கட்டினா லோன் 5.25 லட்சம், இஎம்ஐ 11,000. மைலேஜ் 16னு வச்சா பெட்ரோல் 5,700. மத்த செலவெல்லாம் 3,400. மொத்தம் 20,100 ரூபாய்.

வித்தியாசம் மாசம் 5,400. வருஷத்துக்கு சுமார் 65,000 ரூபாய். கடைசி ரெண்டு சீட்டுக்காக நீங்க கட்டுற "வாடகை" இதுதான்!

எத்தனை நாள் போனா லாபம்?

ஹேட்ச்பேக் வாங்கிட்டு, பெரிய டூருக்கு மட்டும் டிரைவரோட இன்னோவா எடுக்கிறீங்கனு வைங்க. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்னு வச்சுக்குவோம். சொந்த ஏழு சீட்டர்ல போயிருந்தாலும் பெட்ரோலுக்கு 2,300 ஆகியிருக்கும். அப்போ கூடுதல் செலவு ஒரு நாளைக்கு 4,200.

65,000ஐ 4,200ஆல வகுத்தா 15 நாள் கிட்ட வருது. அதாவது வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல ஆறு, ஏழு பேரா தூரப் பயணம் போற குடும்பத்துக்கு ஏழு சீட்டர் லாபம். அதுக்குக் கம்மின்னா ஹேட்ச்பேக்கும் வாடகை வண்டியும் போதும். பின்னாடி விற்கும்போது ஏழு சீட்டருக்குக் கொஞ்சம் கூட விலை கிடைச்சா இந்த 15ல ரெண்டு மூணு நாள் குறையலாம்.

"எங்க வீட்ல வாராவாரம் ஆறு பேரா கோயிலுக்குப் போவோம்"னு சொல்றவங்களும் இருக்காங்க. அது பக்கத்துப் பயணம். அன்னைக்கு ரெண்டு பேருக்குத் தனியா கேப் பிடிச்சா போக வர 500 ரூபாய்னு போடுங்க. 52 வாரத்துக்கு 26,000. அதையும் உங்க கணக்குல சேர்த்துக்கோங்க.

இந்த எண்ணிக்கையை ஞாபகத்துல இருந்து போடாதீங்க. கார் வாங்குற ஆசையில இருக்கும்போது அஞ்சு நாள் இருபது நாளா தெரியும். போன வருஷத்து ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து கேப், வேன் வாடகைக்கு எத்தனை தடவை பணம் போச்சுனு எண்ணுங்க.

வேரியண்ட்ல இருக்கு சூட்சுமம்

மேல போட்டது 8 லட்ச ரூபாய் வேரியண்ட்டுக்கான கணக்கு. டச் ஸ்கிரீன், அலாய் வீல் எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டு 6 லட்சம் கிட்ட இருக்கிற வேரியண்ட் எடுத்தா ஆன்ரோடு சுமார் 7.2 லட்சம். இது ஹேட்ச்பேக் விலையைவிடக் கம்மி! அப்போ கூடுதல் செலவுன்னு நிக்கிறது பெட்ரோல்ல வர்ற 1,300 ரூபாய் மட்டும்தான். வருஷத்துக்கு 15,600. நாலு நாள் டூர் போனாலே சரியாகிடும்.

ஆக, ஏழு சீட்டு உங்களுக்கு உண்மையிலேயே தேவைன்னா காசை சீட்டுக்குக் கொடுங்க, ஸ்கிரீனுக்குக் கொடுக்காதீங்க. பின்வரிசைக்கு ஏசி வென்ட் இருக்கானு மட்டும் வேரியண்ட் வாரியா பார்த்துக்கோங்க. அதுல சமரசம் வேண்டாம். சித்திரை வெயில்ல கடைசி சீட்டுல உக்காந்து பார்த்தா புரியும்.

இன்னொண்ணு. எர்டிகா பக்கம் போறவங்க 10 லட்சம் கோட்டைப் பாருங்க. அதைத் தாண்டினா தமிழ்நாட்டுல சாலை வரி 13ல இருந்து 18 சதவீதமா ஏறிடும். 9.9 லட்சத்துக்கு வரி 1,28,700. 10.1 லட்சத்துக்கு 1,81,800. விலையில 20,000 ஏறினா வரியில 53,000 ஏறுது.

சம்பளத்துல எவ்வளவு போகலாம்?

நான் சொல்ற எல்லை இதுதான்: இஎம்ஐ மட்டும் இல்லை, காருக்கான மொத்த மாசச் செலவும் வீட்டுக்கு வர்ற வருமானத்துல 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25,500 ரூபாய் செலவுக்கு வீட்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல வேணும். வருமானம் 75,000ன்னா? 6 லட்ச ரூபாய் வேரியண்ட், முன்பணம் 3.2 லட்சம், லோன் 4 லட்சம். இஎம்ஐ 8,400. மத்ததெல்லாம் சேர்த்து மாசம் 18,800க்குள்ள முடியும். அந்த முன்பணம் கையில இல்லையா? ஒரு வருஷம் ஆர்டி போட்டுட்டு வாங்க. கார் எங்கேயும் போயிடாது.

ஷோரூம்ல "ஏழு வருஷ லோன் போட்டா இஎம்ஐ குறையும் சார்"னு சொல்வாங்க. உண்மைதான். அதே 7 லட்சத்துக்கு இஎம்ஐ 14,700ல இருந்து 11,440 ஆகும். ஆனா வட்டி 1.82 லட்சத்துல இருந்து 2.61 லட்சம் ஆகும். கிட்டத்தட்ட 79,000 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்துல அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டலாம். அவங்களை வசதியா கூட்டிட்டுப் போகத்தானே கார் வாங்குறோம்? அவங்க ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு வச்சிருக்கிற பணத்தைத் தொட்டு முன்பணம் கட்டாதீங்க.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது

1. தனியா போகாதீங்க. வீட்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஏழு பேரோட ஓட்டினாதான் இன்ஜின் தெரியும்.
2. ஏசியை ஃபுல்லா வச்சு ஒரு மேம்பாலம் ஏறுங்க. பாதி ஏத்தத்துல நிறுத்தித் திரும்ப எடுங்க. ஏஎம்டின்னா இது இன்னும் முக்கியம்.
3. முட்டி வலி இருக்கிற பெரியவங்களை நடு வரிசையில ஏறி இறங்கச் சொல்லுங்க. அவங்க முகமே சொல்லிடும்.
4. கடைசி வரிசையில நீங்க பத்து நிமிஷம் உக்காருங்க. தலை இடிக்குதா, கால் மடங்குதா பாருங்க.
5. ஊருக்குக் கொண்டு போற பெட்டி ரெண்டை எடுத்துட்டுப் போய் டிக்கியில வச்சுப் பாருங்க.

முடிஞ்சா ஒரு சனி ஞாயிறு இதே காரை செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்து ஊருக்குப் போய்ட்டு வாங்க. சில ஆயிரம் ரூபாய் செலவாகும். ஒன்பது லட்ச ரூபாய் முடிவுக்கு அது ரொம்ப சின்னச் செலவு.

சுருக்கமா சொன்னா: தினமும் ஊருக்குள்ள, அப்பப்போ ஆறு ஏழு பேர், சமவெளி ரோடுன்னா ட்ரைபரோட கீழ் அல்லது நடு வேரியண்ட் நல்ல தேர்வு. ஏழு பேரும் லக்கேஜுமா அடிக்கடி தூரமோ மலையோ போறவங்க எர்டிகா பக்கம் போங்க, பட்ஜெட் இடிச்சா நல்ல நிலையில இருக்கிற பழைய எர்டிகாவைத் தேடுங்க. வருஷத்துக்கு நாலஞ்சு நாள்தான் ஏழு பேருன்னா ஹேட்ச்பேக் வாங்கி, மிச்சப் பணத்தை எஸ்ஐபில போடுங்க.

இதே கணக்கை உங்க சம்பளம், உங்க கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க. உங்களுக்கு எத்தனை நாள் வந்துச்சுனு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பழைய ஏழு சீட்டு கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்னு பேசுவோம்.