கண்ணாடித் தொட்டியில் ஒரு சுனை

திருத்தணி மலைக்கு நீலோற்பலகிரி என்றொரு பெயர் உண்டு. இந்திரன் இங்குள்ள சுனையில் நீலோற்பலத்தை நட்டு முருகப்பெருமானை வழிபட்டான் என்பது தலவரலாறு. நீர்ச்செடி வளர்ப்புக்கு இதனினும் பழைய முன்மாதிரி இவ்வூருக்குத் தேவையில்லை. திருத்தணியிலிருந்தும் எல்லைக்கு அப்பாலுள்ள நகரி, புத்தூர்ப் பகுதிகளிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பத்தார், வீட்டில் மீன்தொட்டி வைக்கலாமா என்று எம்மிடம் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம், ஆனால் அந்நீரில் எவர் கையை விடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நெகிழிச் செடிகளைவிட உயிர்ச்செடிகளையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். மீன்கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை அவை உணவாக ஏற்கின்றன. வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. நீரில் மூழ்கிய இலைகளில் வெயில் பட்டால் குமிழிகள் எழுவதையும் இருளில் அவை நின்றுவிடுவதையும் ஆராய்ந்து 1779இல் நூலாக வெளியிட்ட யான் இங்கன்ஹவுஸ் ஒரு மருத்துவர் என்பதில் எமக்குச் சிறு பெருமையும் உண்டு.

தொடங்குவோருக்கு ஏற்றது, நம் வயலோரங்களில் வளரும் நீர்ப்பிரமி. நீருக்குள்ளும் அது செழிக்கும். நாடாப்போல் நீண்ட இலையுடைய வாலிஸ்நேரியாவும் எளியது. செந்நிறம் வேண்டுவோர் ரொட்டாலா வகைகளை நாடலாம். அவற்றின் சிவப்பு அந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. நல்ல வெளிச்சமும் இரும்புச் சத்தும் குறைந்தால் இலைகள் பச்சையாகிவிடும். அதற்காகத் தொட்டியைச் சன்னலோர வெயிலில் வைத்தல் கூடாது, பாசிதான் மண்டும். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கொளி போதும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், வீட்டின் குளிர்ந்த அறையே தொட்டிக்கு உகந்த இடம்.

இனி எம் துறை சார்ந்த செய்தி. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் நுண்ணுயிர் மீன்தொட்டி நீரில் இருக்கக்கூடும். விரலிலோ புறங்கையிலோ உள்ள சிறு கீறல் வழியே அது நுழைந்தால், சில வாரங்களுக்குப் பின் வலியற்ற கட்டியோ ஆறாத புண்ணோ தோன்றும். காசநோய்க் கிருமியின் உறவான இதற்கு வழக்கமான புண் மருந்துகள் பலனளிப்பதில்லை. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கிருமி வளர்சோதனையையும் வழக்கத்தினும் குறைந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 30 டிகிரியில் செய்ய வேண்டியிருக்கும். எனவே ஆறாத புண்ணோடு வருவோர் வீட்டில் மீன்தொட்டி இருப்பதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சொல் நோயறிதலைப் பல வாரங்கள் முன்னே கொணரும்.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், புற்றுநோய் மருந்து ஏற்போர், ஸ்டீராய்டு மாத்திரை உண்போர் தொட்டியைக் கண்டு மகிழட்டும். செடி நறுக்கும் பணியையும் நீர் மாற்றும் பணியையும் வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்கட்டும். நீரிழிவு உடையோர் கையில் காயமில்லாத நாளிலும் நீண்ட கையுறை அணிதல் நலம். எவராயினும் குழாயை வாயால் உறிஞ்சி நீரை இறக்கலாகாது. சமையலறைத் தொட்டியில் வடிகட்டியைக் கழுவவும் கூடாது.

மீனில்லாமல் செடி மட்டும் வளர்க்கும் கண்ணாடிக் கிண்ணங்கள் இன்னொரு கவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிநீரில் முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாள்களில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். இரண்டு மூன்று கப்பி மீன்களை விட்டால் புழுக்களை அவை தின்றுவிடும்.

நறுக்கிய தண்டுகளை ஏரியிலோ குளத்திலோ வீச வேண்டா. ஆகாயத்தாமரையும் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொணரப்பட்டதே. வெயிலில் காயவைத்துப் பூந்தொட்டிக்கு உரமாக இடலாம்.