அங்கிக்குள் இருக்கும் மனிதர்

2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்து, வீட்டைவிட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். மகளைக் காணவில்லை என்று இரு வீட்டாரும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் கோர்ட் படியேறினார்கள்.

விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவில், தன்பாலின உறவு என்கிற இந்த விஷயம் தனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதப்போவதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

நீதிபதிகள் பதவியேற்கும்போது அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இல்லாமல் கடமையாற்றுவதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிறந்த வீடு, வளர்ந்த தெரு, பட்ட கஷ்டம், படாத கஷ்டம் எல்லாம் கறுப்பு அங்கியோடு சேர்ந்தே கோர்ட் ஹாலுக்குள் நுழைகின்றன. அவற்றை வாசலிலேயே நிறுத்த முடியுமா? நிறுத்தத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடம். வலி மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்தில், 13 வயது மாணவியின் உள்ளாடைவரை விலக்கச் சொல்லிச் சோதனை போட்டார்கள். மாத்திரை கிடைக்கவில்லை. 2009இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உடற்பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகள் உடைமாற்றுவதில்லையா என்கிற தொனியில் ஒரு நீதிபதி பேச, அரங்கில் சிரிப்பொலி எழுந்தது. ஒன்பது பேரில் அப்போது இருந்த ஒரே பெண் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். தன் சகாக்கள் யாரும் 13 வயதுப் பெண்ணாக இருந்ததில்லையே என்று ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் 8 பேர், அந்தச் சோதனை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்றார்கள்.

அப்படியானால் பெண் நீதிபதி என்றாலே தீர்ப்பு மாறிவிடுமா? அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 13 வகையான வழக்குகளை எடுத்துக்கொண்டு மூன்று ஆய்வாளர்கள் அலசினார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், வேலையிடத்துப் பாலினப் பாகுபாடு என்ற ஒரே ஒரு வகையில்தான் ஆண், பெண் நீதிபதிகளிடையே தெளிவான வித்தியாசம் தெரிந்தது. அந்த வழக்குகளில், பெண் நீதிபதியோடு ஒரே அமர்வில் உட்கார்ந்த ஆண் நீதிபதிகளின் வாக்கும் மாறியது. அனுபவம் வெளிச்சம் தருவது, அது நேரடியாகத் தொட்ட இடத்தில் மட்டும்தான். அந்த வெளிச்சம் பக்கத்து நாற்காலிக்கும் பரவுகிறது.

நம் ஊர்க் கணக்கு இன்னும் சுவாரசியம். 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்றவர்கள் நான்கு ஆண்கள். நம்பிக்கை சார்ந்த வழக்கத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று மாறுபட்டவர், அமர்வின் ஒரே பெண்ணான இந்து மல்ஹோத்ரா.

2024 ஆகஸ்ட் 1 அன்று, பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு பேர் அமர்வில் ஆறு பேர் தீர்ப்பளித்தார்கள். அந்த அமர்வில் தலித் சமூகத்திலிருந்து வந்தவர் பி.ஆர். கவாய். அவரோ ஒரு படி மேலே போய், பட்டியல் சாதிகளில் வசதி பெற்றுவிட்டவர்களை அடையாளம் கண்டு ஒதுக்கீட்டிலிருந்து விலக்க வேண்டும் என்றார். ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பிள்ளையும் கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் ஒன்றா என்பது அவருடைய கேள்வி. தலித் அமைப்புகள் பலவற்றுக்கு அது உவப்பாக இல்லை. பிறப்பை வைத்துத் தீர்ப்பை ஆரூடம் சொல்பவர்கள் இப்படி அடிக்கடி ஏமாந்து போகிறார்கள்.

பின்னணி வேறு, வழக்கோடு இருக்கும் ஒட்டுறவு வேறு. சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998இல் லண்டனில் கைதானார். அவருக்குச் சட்ட விலக்கு கிடையாது என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 3–2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு, வழக்கில் தன் தரப்பைச் சொல்ல அனுமதி பெற்றிருந்த அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் அறக்கட்டளைப் பிரிவில் இயக்குநர் என்று பிறகு தெரியவந்தது. அவர் பாரபட்சம் காட்டினார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனாலும் தீர்ப்பு ரத்தானது. ஏழு பேர் அமர்வு முதலிலிருந்து விசாரித்தது.

வாழ்ந்த வாழ்க்கை, சாட்சி சொல்லும் சங்கதியைச் சரியாகப் புரிந்துகொள்ள நீதிபதிக்கு உதவலாம். ஆனால் தீர்ப்பில் அவர் எழுதும் காரணங்கள், அந்த வாழ்க்கையை வாழாதவர் வாசித்தாலும் சட்டப்படி நிற்க வேண்டும். மேல்முறையீட்டில் உரசிப் பார்ப்பது அந்தக் காரணங்களைத்தான்.

மதுரைப் பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு வந்தது. தங்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களைப் போலீஸ் தொல்லைப்படுத்தக் கூடாது, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை என்று அதில் பல கட்டளைகள். வழக்கு அதோடு முடியவில்லை. பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் சிறுபான்மையினரான மக்களை இழிவில்லாமல் குறிப்பிட என்னென்ன சொற்களைப் பயன்படுத்தலாம் என்று பட்டியல் தயாரிக்கச் சொன்னது கோர்ட். 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் அந்தத் தமிழ்ச் சொற்பட்டியல் வெளியானது.