நடையால் உதவும் குதிரைகள்

குதிரை நடக்கும்போது அதன் முதுகு ஒரே நேரத்தில் மூன்று விதமாக அசைகிறது. மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, இடமும் வலமும் சாய்கிறது, முன்னும் பின்னும் தள்ளுகிறது. பின்னங்கால் ஒவ்வொன்றும் முன்னே எட்டி வைக்கப்படும்போது முதுகில் இருப்பவரின் இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்து, சற்றே திரும்பி, மறுபடி நிமிர்கிறது. நன்றாக நடக்கத் தெரிந்த ஒரு மனிதரின் இடுப்பு தரையில் எப்படி அசையுமோ அதற்கு மிக நெருக்கமான அசைவு இது. சிகிச்சைச் சவாரி மையங்கள் எல்லாம் இந்த ஒற்றுமையின் மேல்தான் எழுந்திருக்கின்றன. சீரான நடையில் செல்லும் குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைக்கும். பத்து நிமிடச் சவாரியில், ஒருபோதும் தானாக நடந்திராத குழந்தையின் இடுப்பும் முதுகுத்தண்டும் நடத்தலின் அசைவை ஏறக்குறைய ஆயிரம் முறை அனுபவிக்கின்றன. எந்தப் பயிற்சி மேசையிலும் இத்தனை முறை, இவ்வளவு இயல்பாக அந்த அசைவைக் கொடுப்பது கடினம். குதிரையின் உடல் வெப்பம் மனித உடலைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் அதிகம். அந்தச் சூடும் நடையின் தாளமும் சேர்ந்து, விறைத்திருக்கும் தொடைத் தசைகளைத் தளர்த்த உதவுகின்றன.

இதை உலகம் கவனித்தது 1952இல். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயலில்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். அந்த நிலையில், ஜூபிலி என்னும் பெண்குதிரையோடு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். டிரெஸ்ஸாஜில் பெண்கள் ஆண்களோடு சமமாகப் போட்டியிட அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. 1956இலும் அவர் அதே பதக்கத்தைப் பெற்றார். அவருடைய வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் சிறு சிறு முயற்சிகள் தொடங்கின. 1969இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தேசிய அமைப்புகள் உருவாயின. ஹார்ட்டெலைப் பற்றிப் பேசுபவர்கள் ஜூபிலியை இரண்டாவதாகவே சொல்கிறார்கள். காலால் கட்டளை கொடுக்க முடியாத ஒருவரின் முதுகு அசைவையும் எடை மாற்றத்தையும் மட்டுமே படித்து ஒலிம்பிக் அரங்கில் ஆடியது அந்தக் குதிரை. அதற்குரிய பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இன்று இந்த மையங்களில் இரண்டு விதமான வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஹிப்போதெரபி. இதில் பிசியோதெரபிஸ்ட் போன்ற தகுதி பெற்ற சிகிச்சையாளர் குதிரையின் அசைவை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார். சவாரி கற்றுக்கொடுப்பது நோக்கமல்ல. மற்றது சிகிச்சைச் சவாரி. இதில் பயிற்சி பெற்ற ஆசிரியர், மாற்றுத்திறனாளிகளுக்கு அவரவர் இயல்புக்கேற்பச் சவாரியையே கற்றுத் தருகிறார். பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், பக்கவாதத்துக்குப் பிந்தைய பலவீனம், போர்க்காயம் என வருபவர்கள் பலவகை. ஆகவே குதிரைகளும் பலவகையாக இருந்தாக வேண்டும்.

ஒரே அளவுள்ள பத்துக் குதிரைகளை வைத்துக்கொண்டு ஒரு மையம் நடத்த முடியாது. பெருமூளை வாதத்தால் தொடைகள் ஒன்றோடொன்று இறுகிப் போயிருக்கும் குழந்தையை அகன்ற வயிறுள்ள குதிரைமேல் உட்காரவைத்தால் இடுப்பு மூட்டு வலிக்கும். அந்தக் குழந்தைக்கு ஒடுங்கிய உடலுள்ள மட்டக்குதிரை வேண்டும். உட்கார்ந்த நிலையில் சமநிலை தடுமாறும் பெரியவருக்கு அதே அகன்ற முதுகு உறுதியான இருக்கையாகிறது. தசை விறைப்பு உள்ளவருக்கு வழுக்கிக்கொண்டு போவது போன்ற மென்மையான நடை தேவை. தசை தளர்ந்து துவண்டிருக்கும் குழந்தைக்கோ சற்றே துள்ளலான, குட்டையான அடிகள் நல்லது. அந்த அசைவு உடலை விழித்து நிமிரச் செய்கிறது. கால் குட்டையான மட்டக்குதிரை விரைவாகச் சிறு அடி வைக்கும், உயரமான குதிரை நிதானமாக நீண்ட அடி வைக்கும். எந்தக் குழந்தைக்கு எந்தக் குதிரை என்று முடிவெடுப்பதில்தான் ஒரு மையத்தின் திறமை தெரியும்.

தோள்மேடு வரை 148 சென்டிமீட்டருக்கு மிகாதவற்றைப் பொதுவாக மட்டக்குதிரை என்கிறார்கள். பக்கத்தில் நடந்து வரும் உதவியாளரின் கை சவாரி செய்பவரின் இடுப்பை எட்ட வேண்டும் என்பதால் இந்த மையங்களில் அவற்றுக்கே மதிப்பு அதிகம். நார்வேயின் ஃபியோர்டு, ஆஸ்திரிய–இத்தாலிய மலைப்பகுதியான டிரோலில் உருவான ஹாஃப்லிங்கர், அயர்லாந்தின் கானமாரா, ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட், வேல்ஸ் நாட்டு மட்டக்குதிரைகள் ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றில் பல, மலையிலும் வயலிலும் மூட்டை சுமந்தும் ஏர் இழுத்தும் பழகிய வம்சங்கள். அமெரிக்காவில் குவார்ட்டர் ஹார்ஸ் அதிகம். ஷெட்லண்ட் மட்டக்குதிரை மிகச் சிறியது. அதன்மேல் சின்னஞ்சிறு குழந்தைகள்தான் ஏற முடியும். ஆனால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தேய்த்துவிடவும் தட்டிக்கொடுக்கவும் அதைவிட வசதியான உயரம் வேறில்லை. இத்தனை இருந்தும் அனுபவமுள்ளவர்கள் இனத்தை முதலில் பார்ப்பதில்லை. நொண்டல் இல்லாத, இரு பக்கமும் ஒரே அளவாக விழும் நடையைப் பார்க்கிறார்கள். குதிரை ஒரு காலை இழுத்து நடந்தால் அந்தக் கோணலான அசைவே குழந்தையின் உடலுக்குள்ளும் போகும்.

பெரும்பாலான குதிரைகள் நன்கொடையாக வருகின்றன. குழந்தைகள் வளர்ந்து வெளியூர் போன வீட்டிலிருந்து ஒன்று, போலோ மைதானத்திலிருந்து ஓய்வு பெற்றது ஒன்று, போட்டிகளில் ஓடியது இன்னொன்று. சற்று வயதாகி உலகம் கண்டவையே விரும்பப்படுகின்றன. இளங்குட்டிகளுக்கு இங்கே வேலையில்லை. பெண்குதிரைகளும் காயடிக்கப்பட்ட ஆண்குதிரைகளும்தான் இருக்கும். பொலிகுதிரைகளைச் சேர்ப்பதில்லை. கொடுக்க முன்வந்தவுடன் வாங்கிக்கொள்வதும் இல்லை. சில வாரங்களோ மாதங்களோ வைத்துப் பார்த்து, ஒத்துவராதவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். பயன்படாத கிழக்குதிரையைத் தள்ளிவிடும் இடம் என்று நினைத்து வருகிற நன்கொடையாளர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு.

பயிற்சி கடினமானது, ஏனென்றால் அது குதிரையின் இயல்புக்கே எதிரானது. வேட்டையாடப்படும் விலங்கு அது. தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. தெரியாத திசையில் ஓர் அசைவு என்றால் ஓடித் தப்புவதே அதன் பிறவிப் பாடம். சிகிச்சைக் குதிரையோ சக்கர நாற்காலி உரசும்போதும், ஊன்றுகோல் தரையில் விழும்போதும், பக்கத்தில் பந்து பறக்கும்போதும், முதுகிலிருக்கும் குழந்தை திடீரென வீறிடும்போதும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பழைய வழக்கப்படி குதிரையின் இடப் பக்கமாகத்தான் ஏறுவார்கள். இங்கே எந்தக் கால் செயல்படுகிறதோ அதைப் பொறுத்து வலப் பக்கமும் ஏற நேரும். ஆகவே குதிரை இரண்டையும் ஏற்கப் பழக வேண்டும். சாய்தளத்துக்கும் மேடைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடத்தில் நுழைந்து, ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பதுதான் இருப்பதிலேயே அரிய பாடம். அதைக் கற்க முடியாத குதிரை, மற்ற எல்லாவற்றிலும் சிறந்திருந்தாலும், இந்த வேலைக்குத் தேறாது.

மரத்துப்போன குதிரையும் தேறாது. தசைப் பிடிப்பால் குழந்தையின் குதிகால் விலாவில் இடித்தால் குதிரை அதைப் பொருட்படுத்தக் கூடாது. அதே குழந்தை சில மாதங்கள் கழித்து, முழு முயற்சியோடு, மெல்ல ஒரு காலை அழுத்தி 'நட' என்று கேட்டால் அதற்குக் கட்டாயம் நடந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் குதிரை அசையாவிட்டால் குழந்தையின் உழைப்பு வீணாகிறது. தற்செயலான உதைக்கும் வேண்டுமென்றே கொடுக்கும் குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிவது நுட்பமான வேலை. சிகிச்சைக் குதிரையைச் 'சாது' என்று சொல்வது போதாது.

தொடக்கநிலைச் சவாரியில் ஒரு குதிரையைச் சுற்றி மூன்று பேர் நடப்பதுண்டு. முன்னே கயிறு பிடிப்பவர் ஒருவர், சவாரி செய்பவரின் தொடையையோ கச்சையையோ பிடித்தபடி இரு பக்கமும் ஒவ்வொருவர். சேணத்துக்குப் பதிலாகச் சில நேரம் கம்பளி விரிப்பும் கைப்பிடி வைத்த அகலமான வயிற்றுவாரும் போதும். குதிரையின் சூடும் அசைவும் தடையில்லாமல் வந்து சேரும். அங்கவடியில் பாதம் சிக்காதபடி முன்பக்கம் மூடிய கூடு இருக்கும், அல்லது விழுந்தால் தானே விடுபடும் ரப்பர் வளையம் இருக்கும். விரல்களால் பற்ற முடியாதவர்களுக்கு ஏணிபோல் குறுக்குப்பட்டைகள் தைத்த கடிவாளவார் தரப்படுகிறது.

குதிரை மனிதரின் மனநிலையை உணர்கிறதா என்பது பழைய கேள்வி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாக உயர்ந்தது. அவை அந்தப் படத்தை இடக் கண்ணால் பார்க்க முனைந்தன. அச்சுறுத்துவதாகத் தோன்றுவதைப் பல விலங்குகள் இடக் கண்ணால்தான் பார்க்கின்றன. இதை வைத்து, குதிரைக்கு ஊனம் புரிகிறது என்று சொல்லிவிட முடியாது. முகத்தையும் உடல் இறுக்கத்தையும் அது படிக்கிறது என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம். சவாரியின் பலன் குறித்தும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையுள்ள ஆட்டிசம் கொண்ட 127 பேரிடம் பத்து வாரம் நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவினர் சவாரி செய்தார்கள். மற்றவர்கள் உண்மைக் குதிரையைத் தொடாமல் பொம்மைக் குதிரையை வைத்துக் குதிரைகளைப் பற்றிக் கற்றார்கள். சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் அமைதியின்மையும் கூடுதலாகக் குறைந்தன, பேசிய சொற்கள் பெருகின.

இந்தப் பலனுக்கான விலையைக் குதிரையின் முதுகும் மனமும் கொடுக்கின்றன. நேராக உட்கார முடியாத ஒருவர் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால் குதிரை நாள்தோறும் அந்தக் கோணலை ஈடுகட்டி நடக்கிறது. தசை வலி வருகிறது. அதனால் சுமை, சேணம் உட்பட, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான விதி. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. சமநிலை இல்லாதவர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். தேர்ந்த சவாரிக்காரர் ஒருவர் வாரத்தில் சில முறை ஏறி, முதுகை நேராக்கும் பயிற்சி கொடுப்பதும் தேவை. காது பின்னால் மடிதல், வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புதல், வாலை வீசிக்கொண்டே இருத்தல், சாய்தளத்தைக் கண்டதும் பின்வாங்குதல் ஆகியவை அலுப்பின் அடையாளங்கள். எதற்கும் அசையாத, ஒளியில்லாத கண்ணும் அப்படித்தான். அதை அமைதி என்று தவறாக எடுத்துக்கொள்கிற இடங்களில் குதிரைகள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன.

மற்ற நேரத்தில் குதிரை குதிரையாக இருக்க வேண்டும். கூட்டமாக மேய, புரள, ஓட இடம் வேண்டும். சிறிய இரைப்பை கொண்ட விலங்கு அது. நாளெல்லாம் சிறிது சிறிதாகத் தின்னும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ உலர்புல் தேவை. வாந்தி எடுக்க முடியாததால் தவறான தீனி வயிற்றுவலியாகி உயிரையே பறிக்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லை ராவ வேண்டும், ரணஜன்னித் தடுப்பூசி தவறக் கூடாது. நின்றுகொண்டே தூங்கினாலும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும் என்பதால் காய்ந்த, பயமில்லாத இடமும் வேண்டும்.

குதிரைகள் 25 முதல் 30 வயது வரை வாழும். இருபதைத் தாண்டிய பிறகு நடை கெடத் தொடங்கினால் சவாரியிலிருந்து விடுவிக்கிறார்கள். சிலவற்றை நன்கொடையாளரே திரும்ப அழைத்துக்கொள்கிறார், சில மையத்திலேயே தங்கித் தேய்த்துவிடும் வகுப்புகளுக்கு மட்டும் நிற்கின்றன. ஓய்வுக்கால ஏற்பாட்டைக் குதிரையை வாங்கும் நாளிலேயே எழுதி வைப்பது நல்ல மையத்தின் வழக்கம்.

சவாரி எல்லோருக்கும் ஏற்றதல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கும். அடங்காத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல் ஆகியவையும் தடை. மருத்துவரின் ஒப்புதலும் தலைக்கவசமும் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. குழந்தையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் லாயத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். குளம்பு, முதுகு, காது, தண்ணீர்த் தொட்டி, நிழல் எல்லாவற்றையும் பார்க்கட்டும். ஒரு குதிரை நாளுக்கு எத்தனை வகுப்பு, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று கேட்கட்டும். அதற்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் குழந்தையைச் சேர்க்க வேண்டாம்.