மூலக்கூறின் முகம் - 11: எட்டிக்கொட்டையும் ஏழு வளையமும்

புதுச்சேரி வட்டாரத்துக் கோயில் காடுகளில் எட்டி மரத்தைப் பார்க்கலாம். பழம் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும். பிளந்தால் வழவழப்பான சதைக்குள் கோட்டுப் பொத்தான் மாதிரி தட்டையான, சாம்பல் நிறக் கொட்டைகள். மேலே மெல்லிய ரோமம். கஞ்சனுக்கு உவமை தேடியவர்கள் இந்தப் பழத்தைத்தான் பிடித்தார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையும் இதன் பங்காளிதான். ஆனால் எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னைன் விஷம் அதில் கிடையாது.

பிரெஞ்சு அரசு 1816-ல் புதுச்சேரிக்கு அனுப்பிய தாவரவியலாளர் லெஷனோ, அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இந்த விஷத்தோடு பழகியவர். ஜாவாவில் அம்பு முனையில் தடவிய நஞ்சு ஒன்றைச் சேகரித்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அது எட்டி இனத்துக் கொடியிலிருந்து எடுத்தது. 1809-ல் மஜாந்தியும் தெலீலும் அதை விலங்குகளுக்குக் கொடுத்து, முதுகுத்தண்டைத் தாக்கி வலிப்பை வரவழைக்கிறது என்று காட்டினார்கள். லெஷனோ இங்கே செடியும் விதையுமாக அலைந்துகொண்டிருந்தபோது, 1818-ல் பெல்தியேவும் கவாந்துவும் பாரிசில் ஸ்டிரிக்னைனைத் தனியே பிரித்துவிட்டார்கள்.

பிரித்தாகிவிட்டது. அதன் அமைப்பு பிடிபட 128 வருஷம் ஆயிற்று.

அன்று மூலக்கூறை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். காரம் சேர்த்துச் சூடாக்கினால் இண்டோல் வந்தது. ஆக, பென்சீன் வளையத்தோடு ஒட்டிய நைட்ரஜன் வளையம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு துண்டையும் படிகமாக்கி, உருகுநிலை பார்த்து, தாளில் வரைந்து, பொருந்தாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி வரைவார்கள். பெர்லினில் லாய்க்ஸ் பல பத்தாண்டுகளை இதற்கே கொடுத்தார். இங்கிலாந்தில் ராபின்சன் 1910-ல் தொட்டது 1946-ல்தான் கைகூடியது: மொத்தம் 47 அணுக்கள், அதற்குள் ஒன்றோடொன்று பின்னிய ஏழு வளையங்கள். கண்ணால் காணாத ஒன்றைத் தர்க்கத்தாலேயே கட்டி எழுப்பியதில் இதற்கு இணை இல்லை என்பேன். அடுத்த வருஷம் அவருக்கு நோபல் கிடைத்தது.

அதே நாட்களில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பைவூட் குழு வேறு வழியில் போனது. ஸ்டிரிக்னைன் சல்பேட் படிகம் ஒன்று. கந்தகத்தின் இடத்தில் செலினியம் வைத்த இன்னொன்று. இரண்டின் மீதும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளின் கருமை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்குப் போட்டார்கள். கனமான ஓர் அணு மாறியதால் ஏற்பட்ட வித்தியாசமே மற்ற அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. விடை, ராபின்சன் சொன்ன அதே வடிவம்! அவருக்கு அது வெற்றிதான். உடைத்துப் பார்க்கும் தொழிலுக்கோ இறங்குமுகம். உட்வர்ட் 1954-ல் ஸ்டிரிக்னைனை ஆய்வுக்கூடத்திலேயே கட்டிக்காட்டினார்.

அந்த நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, கிண்டியில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிரை வைத்துக்கொண்டு இன்னும் பெரிய மூலக்கூறு ஒன்றோடு மல்லுக்கட்டி, நேச்சர் இதழில் எழுதியிருந்தார்கள். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் அது. அதில் கங்காருவின் வால் எப்படி வந்து சேர்ந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)