லெஷெனோவின் உப்புக்கொத்தி

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள்; அதற்குத் தெற்கே கழுவெளி. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இந்தச் சதுப்பில் சுமார் 5,151 ஹெக்டேரை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் இதுபோன்ற சேற்று விளிம்புகளில் இரை தேடும் பறவை பெரிய மணல் உப்புக்கொத்தி. அதன் அறிவியல் பெயர் ஒரு பிரெஞ்சுக்காரரின் நினைவாக வைக்கப்பட்டது: ழான் பப்தீஸ்த் லெஷெனோ தெ லா தூர்.

1773இல் பிறந்த லெஷெனோ அடிப்படையில் தாவரவியலாளர். 1800இல் பிரெஞ்சுக் கடற்பயணி நிக்கோலா போதனின் கப்பலணியோடு ஆஸ்திரேலியா புறப்பட்டார். 1803இல் உடம்புக்கு முடியாமல் தீமோரில் தங்கி, பிறகு ஜாவாவில் செடிகளும் பறவைகளும் சேகரித்தார். 1816இல், புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஆண்டில், இந்தியாவுக்குக் கிளம்பினார். ஆங்கிலேயரிடம் அனுமதி வாங்கி சென்னை மாகாணம், வங்காளம், இலங்கை எல்லாம் சுற்றினார். 1822இல் ஊர் திரும்பினார்.

அன்று பறவை சேகரிப்பது என்றால் சுட்டு வீழ்த்துவதுதான். சதையை எடுத்துவிட்டு, தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சடைத்துக் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் பாரிஸ் போய்ச் சேருவதற்குள் பூச்சி அரித்துவிடும். அதிலிருந்த கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட அப்போது வேறு நல்ல வழி இருக்கவில்லை. புதுச்சேரியில் கிடைத்த பறவையை வைத்துத்தான் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன் 1826இல் இந்த உப்புக்கொத்தியை உலகுக்கு விவரித்தார். அதே ஆண்டு மார்ச்சில் லெஷெனோ காலமானார்.

துருக்கியிலிருந்து மங்கோலியா வரையிலான வறண்ட நிலங்களில் கூடு கட்டும் இந்தப் பறவை, நம்மிடம் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் மேலே மண்பழுப்பு, கீழே வெள்ளை. பெரிய கண்கள். கொஞ்ச தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு புழுவையோ சிறு நண்டையோ கொத்தும், மறுபடி ஓடும். சிறிய மணல் உப்புக்கொத்தியும் ஏறக்குறைய இதே நிறம்தான், இரண்டும் ஒரே கூட்டத்தில் நிற்கும். பழகியவர்களே தடுமாறுவார்கள். முதலில் அலகைப் பாருங்கள்: பெரியதற்கு அது நீளமாக, தடித்து இருக்கும். கால்களும் நெடியவை, பச்சை கலந்த மஞ்சள் சாயல் கொண்டவை. எழும்பிப் பறந்தால் அதன் கால்விரல்கள் வால் நுனியைத் தாண்டி வெளியே தெரியும்.