மிராமர் கடற்கரைக்கு ஒரு மிதிவண்டிப் பெட்டி

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒரே நாளில் முடிப்பது டிரையத்லான் போட்டி. கோவாவின் சிறிய தலைநகரான பனாஜியில் 2019ஆம் ஆண்டு தொடங்கிய 'அயர்ன்மேன் 70.3' இவ்வகைப் போட்டிகளில் நம் நாட்டில் பெயர் பெற்றது. மாண்டோவி ஆறு அரபிக் கடலோடு கலக்கும் மிராமரில் 1.9 கி.மீ. நீச்சல், பின்னர் 90 கி.மீ. மிதிவண்டிப் பயணம், இறுதியாக 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 70.3 மைல் என்பதால் இப்பெயர். ஒருவரே மூன்றையும் செய்யலாம். மூவர் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளவும் செய்யலாம். நாற்பதைக் கடந்த வங்கி அலுவலர்களாகிய நாங்கள் மூவரும், முழங்கால்களின் அறிவுரையை ஏற்று, இரண்டாம் வழியையே தேர்ந்தெடுத்தோம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்வோர் பலர் உளர். பயணத்தைத் திட்டமிடுவதைப் பற்றிச் சொல்வோர் குறைவு. நுழைவுக் கட்டணம் செலவின் தொடக்கமே. அதன்பின் பயணச் சீட்டு, தங்குமிடம், மிதிவண்டியைக் கொண்டுசெல்லும் செலவு என்று பட்டியல் நீளும். ஆகவே பத்து மாதங்களுக்கு முன்பே ஆளுக்கு ரூ.5,000 வீதம் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். கடன் அட்டையில் செலவழித்துவிட்டுத் தவணையில் அடைக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. பிறருக்கு நாள்தோறும் வட்டிக் கணக்குச் சொல்லும் நாங்கள் அதற்கு இணங்கவில்லை.

நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. எனவே விடுப்புக்கு ஒப்புதல் பெற்ற பிறகே பணம் கட்டினோம். செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பைக் கடந்து வரும் விடுப்பு எவ்வளவு அரியது என்பதை எம் துறையினர் அறிவர். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்த நேரும் போட்டிகளுக்கு இன்னொரு குறிப்பு: ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாடிக்கையாளர் கேட்டுச் செயற்படுத்தினாலன்றிப் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயங்காது. பதிவு தொடங்கும் நாளில் அல்லாமல், முன்னரே அதனைச் சரிபார்த்துக்கொள்க. நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியையும் ஒருமுறை படிக்க வேண்டும். பல பத்திரங்கள் சாகச விளையாட்டுகளையும் பந்தயங்களையும் ஏற்பதில்லை.

கோவாவில் இப்போது இரண்டு விமான நிலையங்கள் உள்ளன: தெற்கே டாபோலிம், வடக்கே மோபா. வாடகை வண்டியை அமர்த்துமுன் பயணச் சீட்டில் எது குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். ரயிலில் வருவோருக்குப் பனாஜிக்கு அருகில் உள்ள நிலையம் கர்மாலி. போட்டியன்று சாலைகள் மூடப்படும் என்பதால், நடந்து செல்லும் தொலைவில் அறை எடுப்பதே நலம்.

நாங்கள் இடறியது மிதிவண்டியில்தான். செலவு குறையும் என்று கருதி, அதனைப் பெட்டியில் அடைத்துச் சரக்கு நிறுவனம் ஒன்றின் வழியே அனுப்பினோம். வியாழனன்று வரவேண்டிய பெட்டி சனிக்கிழமை நண்பகல்தான் வந்தது. மறுநாள் போட்டிக்கு முந்தைய மாலைக்குள் மிதிவண்டியை ஒப்படைத்தாக வேண்டும். பெட்டியைத் திறந்தால், பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவியைத் தாங்கும் சிறு தகடு வளைந்திருந்தது. பத்து மாதச் சேமிப்பும் பயிற்சியும் விரல் நீளமே உள்ள அந்தத் தகட்டில் தொங்கின. நீந்த இருந்த நண்பர் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடித்து வந்தாலும் அடுத்து ஏறிச் செல்ல வண்டி இல்லையே!

உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் தம் மதிய உணவைத் தள்ளிவைத்து அதனை நிமிர்த்தித் தந்தார். பெரிய பற்சக்கரங்கள் இரண்டில் சங்கிலி ஏறாது என்று எச்சரித்தார். மேடுகளில் அதன் பொருளை எங்கள் மிதிவண்டி வீரர் நன்கு உணர்ந்தார். ஆயினும், கணுக்காலில் கட்டும் நேரப் பதிவுப் பட்டை நீச்சல்காரரிடமிருந்து அவருக்கும், அவரிடமிருந்து ஓட்டக்காரருக்கும் முறையாகக் கைமாறியது. மாலையில் மூவரும் சேர்ந்தே முடிவுக் கோட்டைக் கடந்தோம்.

அந்தத் தகட்டின் விலை சில நூறு ரூபாய்தான். ஊர் திரும்பியதும் இரண்டு வாங்கி வைத்துள்ளோம்.