அடைப்பும் உடைப்பும்

முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நன்செய் இருபோகப் பாசனத்திற்கு உரியது. அதன் கடைமடை பழனிசெட்டிபட்டி. அங்கே ஒரு வயல் வாடுமாயின், உழவர் அவ்வயலை மட்டும் நோக்கி நின்றுவிடுவதில்லை. அதனுடன் எவ்வெவ் வயல்கள் வாடின, எவை பசுமையாய் உள்ளன என்று கண்டு, வாய்க்காலில் இன்ன இடத்தில் கேடு நேர்ந்தது எனத் துணிவர். மூளைநோய் காணும் மருத்துவரின் முறையும் இதுவேயாம்.

மூளை இடையறாது குருதி பெற்று வாழ்வது. அது தடைப்படின், சில நிமிடங்களிலேயே மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இதனால் விளைவதே பக்கவாதம். இஃது இருவகைப்படும். குருதிக்கட்டி குழாயை அடைத்தல் ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிதல் மற்றொன்று. முன்னது வாய்க்கால் அடைப்பை ஒக்கும். பின்னது கரை உடைப்பை ஒக்கும். மிகுந்த இரத்த அழுத்தம் இரண்டிற்கும் காரணமாகும். சிலபோது அடைப்புத் தானே நீங்கி, நோயாளி விரைவில் தேறுவதும் உண்டு. அதனைப் பெருங்கேட்டின் முன்னறிவிப்பாகவே கொள்ளல் வேண்டும்.

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைப்பது மூளைத்தண்டு. நடுமூளை, பான்ஸ், முகுளம் என அது மேலிருந்து கீழாக மூன்று பகுதிகளை உடையது. உருவில் சிறிதாயினும் மூச்சு, விழிப்பு, விழுங்குதல் ஆகியன அதனைச் சார்ந்தே நிகழ்கின்றன. 12 இணை மூளை நரம்புகளுள் 10 இணை அதனோடு தொடர்புடையன.

கைகால்களை இயக்கும் நரம்பிழைகளுள் பெரும்பாலன முகுளத்தின் அடியில் இடம் வலமாக மாறிச் செல்கின்றன. மூளைத்தண்டினின்று முகத்திற்குச் செல்லும் நரம்புகளோ பெரும்பாலும் தத்தம் பக்கத்திலேயே வெளிப்படுகின்றன. ஆதலின், ஒரு பக்கத்து முகமும் மறுபக்கத்துக் கைகால்களும் ஒருங்கே தளருமாயின், கேடு மூளைத்தண்டில் உள்ளது எனக் கருத இடமுண்டு. அவற்றோடு ஒரு கண்ணின் இமை தாழ்ந்து விழி விலகின், கேடு நடுமூளையில். ஒரு பக்கத்து நெற்றி முதல் வாய்வரை தளரின் பான்ஸில். குரல் கம்மி, உணவு விழுங்க இயலாதாயின் முகுளத்தில் என மருத்துவர் உய்த்துணர்வர்.

பெரியாறு அணை நிறைவுற்ற 1895ஆம் ஆண்டிலேயே, ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க், ஒரு நோயாளியின் குறிகளைக் கொண்டே முகுளத்தின் பக்கவாட்டில் கேடு உள்ளதெனக் கணித்தார். அந்நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, கணிப்பு மெய்யானதை 1901இல் வெளியிட்டார். உட்புறம் காட்டும் கருவிகள் இல்லாத காலத்தில் அறிவே கண்ணாய் நின்றது.

ஆயினும் அடைப்பா உடைப்பா என்பதைக் குறிகளால் மட்டும் உறுதி செய்தல் அரிது. அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்து, அடைப்புற்றவருள் தக்கவர்க்கு நான்கரை மணி நேரத்திற்குள் அளிக்கத்தக்கது. உடைப்புற்றவர்க்கோ அதுவே நஞ்சாகும்.

திடீரென வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைப் பலரும் அறிவர். ஆனால் திடீர்த் தலைச்சுற்றலும், பொருள் இரண்டாய்த் தோன்றுதலும், நடை தள்ளாடுதலும் மூளைத்தண்டுக் கேட்டின் குறிகளாகலாம். அவற்றைப் பித்தமயக்கம் என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுத்துக் காத்திருப்பது பேதைமை. விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்குப் புகட்டும் நீரும் மூச்சுக்குழலுட் சென்று உயிர்க்கு ஊறு செய்யும். எதுவும் புகட்டாது, குறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 ஊர்தியை அழைத்தலே தக்கது.

மடை அடைபட்டதை உடன் அறிந்தால் பயிர் பிழைக்கும். காலந் தாழ்ந்தபின் பாயும் நீர் கருகிய பயிரை மீட்பதில்லை. மூளைக்கும் இஃது ஒக்கும்.